இல்லறக் கொடுமையும் தற்காப்பும்

(நமது சங்கத்து மாதர் பகுதியின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கக் கூட்டங்களிற் கல்வியைப் பற்றியும், கைத்தொழிலைப் பற்றியும், விவாகச் செலவைச் சுருக்குவதைப் பற்றியும் நாம் பலமுறை பேசியிருக்கின்றோம். அவை மேடையிற் பேசுதற்கு இன்பமான விஷயங்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அத்தகையதன்று. கணவன் கையால் அடியுண்டு, அஞ்சி, வாய் திறவாது காலங் கழிக்கும் ஒரு பெண், உயிருக்கு ஊறின்றி அவ்வீட்டை விட்டு வெளியேறுவது எங்ஙனம்? அவளுக்கு நாம் துணைநிற்பது எங்ஙனம்? இவையே இன்றைய வினாக்கள். “இதனைச் சபையிற் பேசலாமா? நம் குலத்தின் மானம் என்னாவது?” என்று சிலர் மனத்துள் நினைப்பதை நாம் அறிவோம். வீட்டிற்குள் நடக்கும் கொடுமையால் மானம் போகுமேயன்றி, அதற்குப் பரிகாரம் தேடுவதால் மானம் போகாது என்பதே அன்னார்க்கு நாம் கூறும் விடை.

இந்நோய் நம்மிடையே இல்லையென்று எண்ணுதல் வேண்டா. 2019 முதல் 2021 வரை நடத்தப்பெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் விவாகமான பெண்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர், கணவன்மார் இழைத்த கொடுமையை ஒரு காலத்திலேனும் அனுபவித்ததாகக் கூறியிருக்கின்றனர். இக்கணக்கு ஒரு ஜாதிக்கோ ஓர் ஊருக்கோ உரியதன்று. ஆயினும், நம் வீடுகள் மட்டும் இதற்குப் புறம்பானவை என்று சத்தியம் செய்யத் துணிவார் நம்முள் எவர்?

முதற்கண் நமது பிழையொன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கின்றோம். சில ஆண்டுகட்கு முன், நம் சமூகத்துப் பெண்ணொருத்தி தன் இரு குழந்தைகளுடன் தாய்வீடு வந்து சேர்ந்தாள். பெரியோர் ஐவர் கூடினோம். இரு திறத்தாரையும் எதிரெதிரே அமர்த்தி விசாரித்தோம். “இனி இவரோடு வாழேன், தனியே போய் எங்கேனும் பிழைத்துக்கொள்வேன்” என்று அவள் அழுது கூறியதை அவள் கணவனும் கேட்டுக்கொண்டிருந்தான். நாம் அவனுக்குப் புத்தி சொன்னோம். அவளுக்குப் பொறுமை சொன்னோம். அன்று மாலையே இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பினோம். பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்தோம் என்ற களிப்போடு வீடு திரும்பினோம். அன்றிரவே அப்பெண்ணின் இடக்கை முறிந்தது. கழுத்தில் விரல் பதிந்த தழும்புகள் கண்டன. அவள் உயிர் தப்பியது நம் மத்தியஸ்தத்தாலன்று. கூக்குரல் கேட்டுக் கதவைத் தட்டிய அடுத்த வீட்டு மூதாட்டியாலேயாம்.

அவ்விரவில் நேர்ந்தது தற்செயலன்று. மனைவியைத் தன் பிடிக்குள் வைத்திருப்பதே கொடுமைக்காரனது நோக்கம். அப்பிடி நழுவுகின்றது என்று அவன் அறியும் வேளையே அவளுக்குப் பேராபத்தான வேளை. ஜாக்குலின் கேம்பெல் என்னும் அமெரிக்கச் செவிலியப் பேராசிரியரும் பிறரும் அந்நாட்டின் 11 நகரங்களில் ஆராய்ந்து 2003-ல் வெளியிட்ட முடிவும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. மனைவியை முற்றும் அடக்கியாள்பவனை விட்டு அவள் பிரியுங்கால், கொலைக்கு ஆளாகும் அபாயம் மிகுகின்றது என்று அவர்கள் கண்டனர். கழுத்தை நெரித்தல், “கொன்றுவிடுவேன்” என மிரட்டுதல், ஆயுதங் காட்டுதல் ஆகியவை அவ்வபாயம் அணுகிவிட்டது என்பதற்கு அறிகுறிகள். ஆதலின் ‘வெளியேறிவிடு’ என்று அவளுக்கு உபதேசிப்பது எளிது. ஆயத்தமின்றி வெளியேறச் செய்வதோ அவளைப் படுகுழியில் தள்ளுவதற்கொப்பாம். வெளியேறுவதற்குத் திட்டம் வேண்டும்; அத்திட்டம் இரகசியமாக இருத்தல் வேண்டும்; புறப்படும் நாளை அவளே குறித்தல் வேண்டும். நாம் இன்று கூற விரும்பும் பொருளின் சாரம் இதுவே.

சகோதரிகளே! இப்பேச்சு நமது மாத இதழில் அச்சாகும். அதனைக் கணவன்மாரும் வாசிப்பர். ஆகவே இன்ன வழி, இன்ன வீடு என்று எவர்க்கும் உரித்தான அந்தரங்கத்தை நாம் ஈண்டுக் கூறப்போவதில்லை. எல்லார்க்கும் பொதுவானவற்றையே கூறுகின்றோம். இதனைக் கத்தரித்து எடுத்து வைக்கவும் வேண்டா. எழுதி வைக்கவும் வேண்டா. மனத்திற் பதித்துக்கொண்டால் போதுமானது.

முதலாவது, வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்னுள்ள நாட்களில் உயிரைக் காத்துக்கொள்ளும் வகை. சண்டை மூளுகின்றது என்று தோன்றியவுடன் சமையலறையை விட்டு அகலுக. அரிவாள்மணையும், கத்தியும், அடுப்பும், கொதிக்கும் எண்ணெயும் இருக்குமிடம் அது. ஒரே வாயிலுள்ள அறையிலும், மாடியிலும், கிணற்றங்கரையிலும் நில்லாது, தெருவாயிலுக்கு அருகே வந்துவிடுக. நம்பிக்கைக்குரிய அயல்வீட்டார் ஒருவரோடு ஒரு குறிப்புச் சொல்லை முன்னரே பேசி வைத்துக்கொள்க. “மோருக்கு உறை இருக்கிறதா?” என்று குழந்தை வந்து கேட்டால், உடனே 112-க்கு அறிவிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கியிருத்தல் வேண்டும். குழந்தைகளுக்கும் அவ்வெண்ணைக் கற்பிக்க வேண்டும்; இடையிற் புகுந்து தடுக்கலாகாது, வெளியே ஓடி உதவி தேட வேண்டும் என்றும் சொல்லிவைக்க வேண்டும்.

அடிபட்டால் வைத்தியரிடம் “படியில் வழுக்கி விழுந்தேன்” என்று மறைத்துக் கூறும் வழக்கத்தை விடுக. உண்மையைக் கூறினால், அரசாங்க ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் அது ஏறும். பின்னர் நியாயஸ்தலத்தில் அதுவே சாட்சியாக நிற்கும். கழுத்து நெரிக்கப்பட்டவள் புறத்தே காயம் இல்லையென்று வாளாவிருத்தல் கூடாது. உள்ளே உண்டான வீக்கம் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கக்கூடும். குரல் கம்முதல், விழுங்க முடியாமை, தலைசுற்றல் இருப்பின் அப்பொழுதே வைத்தியசாலைக்குச் செல்க.

இரண்டாவது, பத்திரங்களும் பணமும். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, விவாகப் பதிவுச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும், ஜாதிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், நிலம் வீடு பற்றிய பத்திரங்கள், வைத்தியச் சீட்டுகள் ஆகியவற்றின் மூலத்தையோ படியையோ நம்பத்தக்க ஒருவரிடம் சேர்த்து வைத்தல் நன்று. விவாகம் பதிவாகவில்லையேல் விவாகப் பத்திரிகையும் நிழற்படமும் உதவும். எல்லாவற்றையும் ஒரே நாளிற் பெட்டியினின்று எடுத்தால் ஐயம் பிறக்கும். கோயிலுக்குப் போகுங்கால் ஒன்று, கடைக்குப் போகுங்கால் ஒன்றாக அகற்றுதல் தகும். பிறந்த வீட்டார் அளித்த நகைகளின் எடையும், சீர்வரிசைப் பாத்திரங்களின் விவரமும் தாயாரிடமோ மாமனிடமோ ஜாபிதாவாக இருத்தல் வேண்டும். சீதனம் பெண்ணின் சொந்த உடைமை. அதனைத் திருப்பிக் கொடாமை நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தீர்ப்பளித்திருக்கின்றது.

சிறுகச் சிறுகச் சேர்க்கும் பணத்தை, கணவன் கணக்கு வைத்திராத வேறொரு வங்கியில் தன் பேரிலேயே இடுக. ஆயினும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கணக்கிற் பணம் ஏறினாலும் இறங்கினாலும் கைபேசிக்குச் செய்தி வருகின்றது. கொடுத்துள்ள எண் கணவனுடையதாயின், இரகசியம் அன்றே வெளியாகிவிடும். ஆதார் அட்டையோடு இணைந்த எண்ணும் பல வீடுகளிற் கணவனுடையதாகவே இருக்கின்றது. ஆகவே எந்தெந்த எண் எங்கெங்கே கொடுக்கப்பட்டுள்ளது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

மூன்றாவது, கைபேசி. அது துணைவனும் ஆகும், ஒற்றனும் ஆகும். நீங்கள் இருக்குமிடத்தை அது அவனுக்குக் காட்டிக்கொண்டிருக்கலாம். நீங்கள் தேடிப் படித்தவற்றையும் சொல்லலாம். ஆனால் அவ்வசதியைச் சில நாள் முன்னரே நிறுத்திவிட்டால், அதுவே அவனுக்கு எச்சரிக்கையாய் முடியும். ஆலோசனை கேட்பதற்கு, நம்பத்தக்க தோழியின் கைபேசியையோ வேலை செய்யுமிடத்துத் தொலைபேசியையோ பயன்படுத்துக. புறப்படும் நாளிற் பழைய கருவியை விட்டுச் செல்வதோ, அணைத்துவிடுவதோ உத்தமம். உதவுவோர் எண்கள் இரண்டு மூன்றேனும் மனப்பாடமாய் இருத்தல் வேண்டும்.

நான்காவது, நாளும் இடமும். அவன் தொழிலுக்கோ வெளியூருக்கோ செல்லும் வேளையே ஏற்றது. சண்டையின் நடுவே “போகிறேன்” என்று சொல்லிப் புறப்படுதல் தகாது. கடிதம் எழுதி வைத்துச் செல்லவும் வேண்டா. மருந்து உண்பவர்கள் சில நாட்களுக்கு வேண்டிய மருந்தைக் கைவசம் கொள்க. குழந்தைகளை உடன் அழைத்துச் செல்வதே பெரும்பாலும் நலம்; ஆயின் சிறு குழந்தைகளிடம் திட்டத்தை முன்னரே கூறி, இரகசியத்தைச் சுமக்கும் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றுதல் கூடாது. தாய்வீடு நினைவுக்கு வருவது இயல்பே. அவன் முதலில் வந்து நிற்கும் வாயிலும் அதுவேயன்றோ? ஆதலின் அவன் அறியாத சிற்றன்னை வீடோ, தோழி வீடோ, அரசாங்கக் காப்பிடமோ ஏற்றதா என்று ஆராய்தல் வேண்டும்.

அரசாங்க உதவியைப் பற்றியும் சிறிது கூறுவோம். பெண்களுக்கான 181 என்னும் உதவி எண் தமிழ்நாட்டில் 2018 முதல் நடைபெறுகின்றது. இந்தியாவிலேயே முதன்முறையாக ஒரு மாநிலம் முழுமைக்கும் அனைத்து மகளிர் காவல் நிலையங்களை அமைக்கத் தொடங்கியது நம் மாநிலமே. அத்தொடக்கம் 1992-ல் சென்னையில் நிகழ்ந்தது. 2015 முதல் ஏற்படுத்தப்பட்டு வரும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்களில் வைத்தியம், சட்ட ஆலோசனை, காவல் துறையின் உதவி, சில நாட்களுக்குத் தங்குமிடம் ஆகியவை ஓரிடத்திலேயே கிடைக்கும். வருமானம் எவ்வளவாயினும், பெண் என்ற காரணம் ஒன்றாலேயே இலவச வக்கீல் உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழங்குகின்றது. அதற்கு 15100 என்னும் எண்ணுக்குப் பேசலாம்.

“வீட்டை விட்டு வெளியே கால் வைத்தால் உரிமையெல்லாம் போய்விடும்” என்று நம் பெண்களை அச்சுறுத்துவோர் பலர். அது பிழை. கொடுமை காரணமாகத் தனித்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு என்று ஹிந்துப் பெண்களுக்காக 1946-லேயே ஒரு சட்டம் பிறந்தது; அவ்வுரிமை 1956-ஆம் ஆண்டின் சட்டத்தில் இன்றும் நிலைத்திருக்கின்றது. 2005-ல் இயற்றப்பெற்று 2006 அக்டோபர் 26 முதல் அமலிலிருக்கும் குடும்ப வன்முறையினின்று பெண்களைக் காக்கும் சட்டமோ இன்னும் விரிவானது. வீடு யார் பேரில் இருப்பினும், கணவனோடு கூடி வாழ்ந்த இல்லத்தில் வசிக்கும் உரிமையை அது மனைவிக்கு அளிக்கின்றது. அடித்தலை மட்டுமன்றி, இழிசொற் கூறுதலையும், செலவுக்குப் பணம் கொடாது வருத்துதலையும் கொடுமையெனவே கொள்கின்றது. தப்பி வந்து தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலுள்ள மாஜிஸ்திரேட்டிடமே மனுச் செய்யலாம். மனுக் கிடைத்த நாளிலிருந்து 3 நாட்களுக்குள் முதல் விசாரணை வைத்தல் வேண்டும் என்பது அதன் பொது விதி. அவசரமாயின் எதிரியை விசாரிக்கு முன்னரே தடையுத்தரவு பிறப்பிக்கலாம். அவ்வுத்தரவை மீறினவனுக்கு ஓராண்டு வரை சிறையும், 20,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். மனு எழுத அறியாதவள் அஞ்ச வேண்டா. மாவட்டத்துப் பாதுகாப்பு அலுவலர் அவள் கூறுவதைக் கேட்டு அறிக்கை எழுதித் தருதற்குக் கடமைப்பட்டவர். இதுவன்றி, மனைவியைக் கொடுமை செய்தல் குற்றமே என்பது 1983 முதல் நாட்டின் தண்டனைச் சட்டத்தில் இருந்து வருகின்றது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 85-ஆம் பிரிவு அதனையே கூறுகின்றது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை.

இனிச் சமூகத்தாராகிய நமக்குரியவற்றைக் கூறுவோம். இதுவே இப்பேச்சின் முக்கியப் பகுதி என்று கருதுகின்றோம்.

முன்னர்க் கூறிய பெண்ணுக்கு நாம் இழைத்த பிழை ஒன்றன்று, இரண்டு. கை முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், அவள் நம் உதவியை நாடவில்லை. நாடுதற்கு நாம் யோக்கியதையும் பெற்றிருக்கவில்லை. தன்னுடன் படித்த தோழியின் துணையால் வேற்றூர் சென்று, தையல் வேலை செய்து, குழந்தைகளைப் பள்ளியிற் சேர்த்து மறைவாய் வாழ்ந்தாள். நான்கு மாதம் அமைதியாய்க் கழிந்தது. ஒரு காதணி விழாவிற் பந்தியில் அமர்ந்திருந்த நம்மவர் ஒருவர், “அப்பெண்ணை இன்ன ஊர்க் கடைத்தெருவிற் கண்டேன், நன்றாகத்தான் இருக்கிறாள்” என்று நல்லெண்ணத்தோடு கூறினார். கேட்டவர் மற்றொருவரிடம் கூறினார். மூன்றாம் நாள் கணவன் அவ்வூர்ப் பள்ளிவாயிலில் வந்து நின்றான். தலைமையாசிரியை பிள்ளைகளை அவனிடம் விடாது உள்ளே வைத்துத் தாய்க்கும் காவல் நிலையத்திற்கும் ஆளனுப்பியமையால் விபரீதம் நேரவில்லை. ஆயினும் அவள் மீண்டும் ஊர் மாற நேர்ந்தது. பிள்ளைகளின் படிப்பு ஓராண்டு வீணாயிற்று.

மகாஜனங்களே! நம் சமூகத்தில் ஒருவரை ஒருவர் அறியாதார் இல்லையென்றும், எவ்வூரில் எவர் இருந்தாலும் இரண்டு நாழிகையில் விசாரித்து அறிந்துவிடலாம் என்றும் பெருமை பேசுகின்றோம். பெண் பார்ப்பதற்கும் தொழில் தேடுவதற்கும் அப்பெருமை உதவுகின்றது. தப்பியோடிய ஒருத்திக்கோ அதுவே வலையாய் முடிகின்றது. அவள் நம்மிடம் கேட்பது பொருளன்று; பரிவுரையுமன்று. வாயடக்கம் ஒன்றையே கேட்கின்றாள். அதனையும் கொடுக்க மாட்டோமாயின், ஒற்றுமை ஒற்றுமை என்று நாம் முழங்குவதாற் பயன் யாது?

ஆகவே மூன்று தீர்மானங்களை இச்சபையின் முன் வைக்கின்றோம்.

முதற்றீர்மானம்: கொடுமைப்பட்டேன் என்று ஒரு பெண் முறையிட்டால், சங்கத்தார் கணவனை உடன்வைத்து அவளை விசாரித்தல் கூடாது, அவள் முறையிட்டதை அவனுக்கு அறிவித்தலும் கூடாது. அவளைத் தனியே, மாதர் பகுதியைச் சேர்ந்த இருவர் மட்டும் கேட்டல் வேண்டும். அவள் விரும்பினாலன்றி ‘சமாதானம்’ என்ற சொல்லையே எடுத்தல் கூடாது.

இரண்டாந் தீர்மானம்: வீட்டை விட்டு வந்த பெண் இருக்குமிடத்தை நாம் அறிய நேரினும், எவரிடமும் கூறுவதில்லை, வாட்ஸப் குழுக்களில் அவள் படத்தையோ செய்தியையோ பரப்புவதில்லை என்று ஒவ்வொரு குடும்பத்தாரும் உறுதி பூணுதல் வேண்டும். “பிள்ளைகளைப் பார்க்கத்தானே கேட்கிறான், பாவம்” என்ற இரக்கமும் ஈண்டு இடம்பெறலாகாது. அதற்கு நியாயஸ்தலம் இருக்கின்றது.

மூன்றாந் தீர்மானம்: சங்க நிதியில் ஒரு பகுதியை இதற்கெனத் தனியே ஒதுக்குதல் வேண்டும். வண்டிச் செலவு, ஒரு மாத வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றுக்கு அது பயன்படுக. பெற்றவர் பெயர் கணக்கிலும் ஆண்டறிக்கையிலும் வருதல் கூடாது. தொகை மட்டும் வரட்டும். கலியாண மண்டபத்திற்கு வர்ணம் பூசுவதற்கு நாம் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

இன்னும் ஒன்று கூறி முடிப்போம். இத்துணை ஆயத்தத்தோடு வெளியேறிய பெண்ணும், சில வேளைகளில் திரும்பிச் செல்வதுண்டு. பிள்ளைகளை எண்ணியும், கையிற் பொருளின்மையாலும், அவன் அழுது வேண்டியதை நம்பியும் செல்வாள். அப்பொழுது “நாம் இவ்வளவு செய்தும் போனாளே, இனி நமக்கென்ன?” என்று கதவை அடைத்துவிடுதல் கூடாது. முதல் முறை கற்ற வழி இரண்டாம் முறை அவளுக்கு உதவும். எத்தனை முறை வந்தாலும் வாயில் திறந்திருக்கும் என்பதை அவள் அறிந்திருத்தல் வேண்டும்.

அப்பெண் இன்று எங்கே இருக்கின்றாள் என்று கூட்டம் முடிந்தபின் நம்மிடம் சிலர் கேட்கக்கூடும். அன்பு கூர்ந்து கேளாதிருக்க வேண்டுகின்றோம். அவளும் பிள்ளைகளும் சுகமாய் இருக்கின்றனர் என்பதற்கு மேல் நாம் ஒன்றும் கூறப்போவதில்லை. அத்துணையேனும் நாம் கற்றுக்கொண்டோம்.